விமர்சகருக்கு ஒரு தட்டு

அந்த விமர்சனத்தை முதலில் படித்தது குரேஹா இல்லை. அவள் அம்மா சுமியே.

ஒஸாகாவுக்குப் பக்கத்தில் ஆமகாஸாகி கடைத்தெருவில், கோஸும் மாவும் கலந்து இரும்புக் கல்லில் அடையாக வார்க்கும் ஒகோனோமியாகிக் கடை வைத்திருந்தாள் சுமியே. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்துவிடும் டாக்ஸிக்காரர் உகாய் அன்றைக்கு ஒரு பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "சுமியே-சான், உங்க பொண்ணு டோக்கியோ பத்திரிகையிலயே வந்துட்டா! படம் போட்டிருக்கான் பாருங்க" என்று அதைப் பிரித்து நீட்டினார். அவர் படம் மட்டும்தான் பார்த்திருந்தார். சுமியே கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். இரும்புக் கல்லில் வார்த்திருந்த கோஸ் மாவு கருகிப் புகைந்தது. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் இருமினார்கள். அவள் படித்து முடித்துவிட்டுத்தான் மாவைப் புரட்டும் திருப்பியை எடுத்தாள்.

குரேஹா சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் பென்டோ தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்தபோது அம்மா அவளிடம் பத்திரிகையை நீட்டினாள். எதையும் மறைத்து வைத்துப் பக்குவமாகச் சொல்லும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"படி. படிச்சிட்டுச் சொல்லு, இந்த ஆளு வீடு எங்க இருக்குன்னு. சாஸ் பாட்டிலோட போறேன்."

இவாசே குரேஹாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பாட்டுக் கட்டிப் பாடுவாள். அவள் அப்பா லாரி ஓட்டியவர். ஒரு மழைநாளில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது நெஞ்சு வலித்திருக்கிறது. வண்டியைப் பதறாமல் ஓரம் கட்டி, பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாதென்று மஞ்சள் விளக்குகளையும் சிமிட்ட விட்டுவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் தலை சாய்த்து இறந்துபோனார். போலீஸ்காரர் வந்து கதவைத் திறக்கும்வரை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்ததாம். அந்த விளக்கைப் பற்றி குரேஹா ஒரு பாட்டுக் கட்டினாள். கடையில் நிற்கும் அம்மாவைப் பற்றி ஒன்று, தொழிற்சாலையில் சோற்றின் மேல் ஊறுகாய்ப் பழம் வைக்கும் பெண்களைப் பற்றி ஒன்று, இப்படிப் பத்துப் பாட்டுகள் சேர்ந்தன. ஒஸாகாவில் பழைய இசைத்தட்டுக் கடையும் அதன் மாடியில் சின்ன வெளியீட்டு நிறுவனமும் வைத்திருந்த நிகாய்தோ அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு, "இத வெளிய கொண்டு வரலேன்னா நான் கடைய மூடிட்டு மீன் விக்கப் போகலாம்" என்றார். 'முகோ ஆற்றுக்கு இந்தப் பக்கம்' என்ற பெயரில் அவளுடைய முதல் ஆல்பம் வந்தது.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோபே நாளிதழ் ஒன்று, 'பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கேட்பது போன்ற குரல்' என்று நாலு வரி எழுதியது. ஒஸாகா பண்பலை வானொலியில் மாலை நிகழ்ச்சி நடத்துபவர் இரண்டு பாட்டுகளைப் போட்டுவிட்டு, குரேஹாவை ஸ்டுடியோவுக்கு வரும்படி கூப்பிட்டார். கோடை இசைவிழாவில் மத்தியான வெயிலில் ஒரு சின்ன மேடையும் கிடைப்பதாக இருந்தது. தொழிற்சாலைப் பெண்கள் ஆளுக்கொரு சிடி வாங்கி, கையெழுத்துக் கேட்டு அவளைக் கூச்சப்பட வைத்தார்கள்.

டோக்கியோ மாதப் பத்திரிகையில் எழுதியவர் ஒகித்ஸு மஸஓமி. இருபது வருஷங்களுக்கு மேலாக அந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் அவருடையது. புதிதாக வருகிற பாடகர்களை அவர் அங்கே தூக்கியும் விடுவார், தூக்கிப் போட்டும் மிதிப்பார். வாசகர்கள் மிதிப்பதைத்தான் விரும்பிப் படித்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். குரேஹாவைப் பற்றி அவர் இப்படி எழுதியிருந்தார்:

'ஏழ்மை ஒரு ராகம் அல்ல. இவாசே குரேஹாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும். ஆல்பத்தில் வரும் அம்மா எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த அட்டைப் பொம்மை. கடை வாசலில் நிறுத்திவைத்தால் வாடிக்கையாளர் வருவார்கள். ஐந்தாவது பாட்டில் அப்பா இறக்கிறார். அவர் லாரியின் விளக்கு சிமிட்டுகிறது. எந்த இடத்தில் அழ வேண்டும் என்று நாம் தவறவிட்டுவிடக் கூடாது அல்லவா? அதனால் சிக்னல் போட்டுக் காட்டுகிறார்.'

குரேஹா அதைப் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். உகாய் இன்னும் போகவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, "நான் படிக்கல, குரேஹா-சான். சத்தியமா படம் மட்டுந்தான் பாத்தேன்" என்றார்.

"அட்டைப் பொம்மையாம்" என்றாள் சுமியே. "அட்டைப் பொம்மைக்கு முட்டி வலிக்குமா? கேட்டுச் சொல்லுடி அவன்கிட்ட."

அம்மாவைப் பற்றி எழுதியது கூட குரேஹாவுக்கு அவ்வளவு உறைக்கவில்லை. அந்தச் சிக்னல் வரிதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா கடைசி மூச்சில் முன்பின் தெரியாதவர்களுக்காகச் செய்த ஒரு காரியத்தை வைத்து அந்த மனுஷன் ஜோக் அடித்திருந்தார். அதிலும் மோசம், ஜோக் நன்றாக இருந்தது. முதல் தடவை படித்தபோது அவளுக்கே உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்காக அவள் அவரை மன்னிக்கவே இல்லை.

நன்றாக இருந்ததால் அந்த ஜோக் பரவியது. வேறு இரண்டு பத்திரிகைகள் அதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொண்டன. இணையத்தில் எழுதுகிறவர்கள் ஆல்பத்தைக் கேட்காமலேயே 'சிக்னல் பாடகி' என்று எழுதினார்கள். ஸ்டுடியோவுக்கு அழைத்திருந்த வானொலிக்காரர் அந்த வரியை நிகழ்ச்சியிலேயே வாசித்துச் சிரித்தார். பிறகு அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. கோடை விழாவிலிருந்து, இந்த வருஷம் மேடைகளைக் குறைத்துவிட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்கள். கடைகளுக்குப் போயிருந்த சிடிகள் அட்டைப்பெட்டிகளாகத் திரும்பி வந்து நிகாய்தோவின் மாடிப்படியை அடைத்துக்கொண்டன. தொழிற்சாலையில் ஒருத்தி அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கவலப்படாத, எனக்கு அந்த எடத்துல நெஜமாவே அழுகை வந்துச்சு" என்றாள். 'அந்த இடம்' என்ற சொல்லைக் கேட்டதும் குரேஹாவுக்குக் கையிலிருந்த ஊறுகாய்ப் பழத்தை யார் மேலாவது வீச வேண்டும்போல இருந்தது.

நிகாய்தோ சமாதானம் சொன்னார். "விட்டுத் தள்ளு. அடுத்த ஆல்பம் நல்லா பண்ணு. அதுதான் அவனுக்குப் பதில்."

"பதில் சொல்றதெல்லாம் எனக்கு வேணாம், நிகாய்தோ-சான். எனக்கு அந்த ஆளு துடிக்கணும்."

"நீ ஒரு பாடகி."

"ஆமா. அதனாலதான் பாட்டாலயே அடிக்கப் போறேன்."

பாட்டைக் கடையில் வைத்துத்தான் கட்டினாள், மத்தியானக் கூட்டம் வடிந்த பிறகு, கல் இன்னும் சூடாக இருக்கும்போது. பாட்டின் கதை இதுதான்: டோக்கியோவிலிருந்து ஒகித்ஸு-சான் என்ற பெரிய மனுஷர் அம்மாவின் கடைக்கு வருகிறார். ஸ்டூலில் கைக்குட்டை விரித்து உட்காருகிறார். மாவு நடிக்கிறது என்கிறார். கோஸ் அனுதாபம் தேடுகிறது என்கிறார். வெங்காயத்தாளைப் பார்த்து, எந்த இடத்தில் அழ வேண்டும் என்று சொல்லித் தராதே என்று அதட்டுகிறார். அம்மா தட்டை வைத்துவிட்டுக் கேட்கிறாள்:

'மென்னு பாத்தீங்களா, ஒகித்ஸு-சான்?
மோந்து பாத்தீங்களா?
வாசல்ல நின்னு வழிகேட்டுட்டு
வயிறு நெறஞ்சு போனீங்களா?'

'ஒகித்ஸு-சான்' என்று வரும் இடத்தில் கையை இரண்டு தட்டுத் தட்டி எல்லோரும் கூடக் கத்தும்படி மெட்டை வைத்தாள். 'விமர்சகருக்கு ஒரு தட்டு' என்று பெயர். முதலில் கேட்ட சுமியே இரண்டு திருப்பிகளையும் கல்லில் தட்டித் தாளம் போட்டுவிட்டு, "இன்னும் ஒரு வரி சேரு. மேல தூவுற கடல்பாசி பல்லிடுக்குல மாட்டிக்கிட்ட மாதிரி" என்றாள். அதையும் சேர்த்தாள்.

நிகாய்தோ தயங்கினார். ஒகித்ஸு பகையானால் தன்னுடைய மற்றப் பாடகர்களையும் பத்திரிகை தொடாது என்று பயந்தார். குரேஹா அவரைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஆமகாஸாகியில் ஒரு சின்ன பாட்டு அரங்கில், நாற்பது ஐம்பது பேர் முன்னால் அதைப் பாடிவிட்டாள். மூன்றாவது தடவை அந்தப் பெயர் வந்தபோது கூட்டம் முழுக்கக் கத்தியது. உகாய் மேஜைமேல் ஏறிவிட்டார். யாரோ அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு பாட்டு அவள் கையில் இல்லை. மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர்கள், மாமியாரிடம் பேச்சு வாங்கியவர்கள், பரீட்சையில் தோற்ற பையன்கள் எல்லோரும் பாடினார்கள். ஒகித்ஸு யார் என்றே தெரியாதவர்கள் கூட அவர் பெயரைக் கத்தினார்கள். ஒஸாகாவில் யாராவது சாப்பாட்டைக் குறை சொன்னால், "வந்துட்டாருப்பா ஒகித்ஸு-சான்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. டோக்கியோவில் ரயிலில் அவரை அடையாளம் கண்டுகொண்ட பள்ளிப் பெண்கள் அவர் முகத்துக்கு நேரே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடினார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியைக் குரேஹா திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் சூடாகக் கஞ்சி இறங்குவது போல இருந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த மாதப் பத்திரிகை வரும்வரைதான் இருந்தது.

கடைசிப் பக்கம் முழுவதும் ஒகித்ஸு அந்தப் பாட்டைப் பற்றி எழுதியிருந்தார். திட்டவில்லை. 'என் தோலை உரித்துக் கல்லில் போட்டு வாட்டியிருக்கிறார். அற்புதம். முதல் ஆல்பத்தில் இல்லாத உப்பும் காரமும் இதில் இருக்கின்றன. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு எதிரி. அந்தச் சேவையைச் செய்ய எனக்குக் கிடைத்த வாய்ப்பைப் பெருமையாகக் கருதுகிறேன்' என்று முடித்திருந்தார்.

"அட, புகழ்ந்திருக்கானே" என்றாள் சுமியே.

"புகழலம்மா. பாட்ட எடுத்துச் சட்டப்பையில போட்டுக்கிட்டான்."

அது உண்மைதான். ஒகித்ஸு தொலைக்காட்சிக்கு வந்தார். இரண்டு தட்டுத் தட்டித் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டார். அந்தப் பாட்டின் நாயகன் என்று அவரைக் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். தன் பெயர் அச்சிட்ட பனியனைப் போட்டுக்கொண்டு சிரித்தார். குரேஹாவைப் பேட்டி காண வந்தவர்கள் எல்லோரும் முதல் கேள்வியாக, "ஒகித்ஸு-சானுக்கு நன்றி சொல்வீங்களா?" என்று கேட்டார்கள். முதல் ஆல்பத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மேடைகள் பெரிதாகிக்கொண்டே போயின. அப்பாவின் பாட்டை அவள் தொடங்கினால் பின்வரிசையிலிருந்து, "ஒகித்ஸு-சான்!" என்று கத்தினார்கள், தட்டினார்கள், சிரித்தார்கள். யாரை அடிக்கப் போனாளோ அவரையே தன் தோளில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. இறக்கிவிடுவதென்று முடிவுசெய்தாள். இறக்கினால் போதாது, விழ வேண்டும்.

அதற்கான வழியை நிகாய்தோவே செய்து கொடுத்தார், தெரியாமல்.

ஒஸாகாவில் ஒரு பெரிய அரங்கில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் கச்சேரிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. இருக்கைகள் எல்லாம் விற்றுவிட்டன. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராக்களோடு வருவதாக இருந்தது. ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நிகாய்தோ பக்கத்தில் வந்து, ரகசியத்தை அடக்க முடியாதவராக இளித்தார்.

"கோவப்படாத. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். முன்வரிசை நடுவுல ஒகித்ஸு-சான் உக்காரப் போறாரு. கடைசிப் பாட்டுல நீ கைநீட்டிக் கூப்பிடு, மேல வந்து உன்கூடச் சேர்ந்து தட்டுவாரு. அரங்கமே இடிஞ்சு விழும்."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரா? அவருதான் கேட்டாரு."

குரேஹா கிதாரின் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்த்தாள்.

"கேமரா அவரு மேல இருக்குமா?"

"ஒரு கேமரா அவருக்குன்னே வெச்சிருக்கான்."

"நல்லது" என்றாள். நிகாய்தோவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பெண் பக்குவப்பட்டுவிட்டாள் என்று நினைத்தார்.

திரை விலகியபோது ஒகித்ஸு முன்வரிசையில் இருந்தார். குரேஹா அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நரைத்த முடியை அழகாக வாரியிருந்தார். கறுப்புக் கோட்டுக்குள்ளே அந்தப் பனியன் தெரிந்தது. அவரைக் கண்டதும் கூட்டம் தட்டிற்று. அவர் எழுந்து நாலா பக்கமும் குனிந்து வணங்கினார். அவளைப் பார்த்தும் குனிந்தார். குரேஹா அவரைத் தாண்டி, பின்னால் இருந்த யாரையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"இன்னிக்கு என்னோட முதல் ஆல்பத்த மொதல்லேருந்து கடைசிவரைக்கும் பாடப்போறேன். வேற எதுவும் கெடையாது. வேணாங்கறவங்க இப்பவே போகலாம், கதவு அந்தப் பக்கம்."

வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டு முடிந்தபோது மேலே மாடியிலிருந்து ஒருவன், "ஒகித்ஸு-சான்!" என்று கத்தினான். நிறையப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

குரேஹா நிறுத்தினாள். "யாரு அது? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

மூன்றாவது, நான்காவது பாட்டுகளில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர் இருவராக, பிறகு வரிசையாக. சிலர் காசைத் திருப்பிக் கொடு என்று சத்தம் போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்ற நிகாய்தோ கைகளால் என்னென்னவோ சைகை செய்தார். ஒகித்ஸு போகவில்லை. போக முடியாது; கேமரா அவர் முகத்தின் மேல் இருந்தது, மேடையின் இரு பக்கமும் பெரிய திரைகளில் அந்த முகம் தெரிந்தது. எழுந்து போனால் அவமானம், இருந்தாலும் அவமானம். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பை எத்தனை நேரம் தாங்கிப் பிடிக்க முடியும் என்று குரேஹா பார்த்துக்கொண்டே பாடினாள்.

ஐந்தாவது பாட்டுக்குக் கிதாரைக் கீழே வைத்துவிட்டாள். மேடையின் விளிம்புக்கு நடந்து வந்து, அவருக்கு நேர் எதிரே நின்று, வெறும் குரலில் பாடினாள். மழை, நெடுஞ்சாலை, ஓரம் கட்டிய லாரி, சிமிட்டும் விளக்கு. அவள் அழவில்லை. யாரையும் அழச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைப்பது போல அவர் முன்னால் வைத்தாள். பாதிப் பாட்டில் அவருடைய சிரிப்பு அறுந்து விழுந்தது. அவர் கீழே பார்த்தார். திரையில் அவருடைய வகிடுதான் தெரிந்தது. பனியனை மூடக் கோட்டின் பொத்தானைத் தேடும் விரல்களும் தெரிந்தன.

கச்சேரி முடிந்தபின் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு ஒகித்ஸு வந்தார். கையில் டோக்கியோ இனிப்புப் பெட்டி. சுமியே மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் நன்றாகக் குனிந்து வணங்கினார்.

"நல்லா இருந்துச்சு, இவாசே-சான். அந்த அஞ்சாவது பாட்டு... நான் அன்னிக்கு எழுதினது அவசரம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பாட்ட ஏன் விட்டுட்டீங்க?"

"எந்தப் பாட்டு?"

"நம்ம பாட்டு."

'நம்ம' என்றதும் குரேஹாவின் முகம் இறுகியது. "மன்னிக்கணும், நீங்க யாருன்னு தெரியலையே."

அவர் விளையாட்டு என்று எண்ணிக்கொண்டார். சிரித்துக்கொண்டே பெயரட்டையை எடுத்து, முறைப்படி இரண்டு கைகளாலும் நீட்டினார். அவளும் முறைப்படி இரண்டு கைகளாலும் வாங்கினாள். பெயரை ஓர் எழுத்து விடாமல் நிதானமாகப் படித்தாள். பிறகு அதே இரண்டு கைகளால் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பெயரட்டையை யாரும் திருப்பிக் கொடுத்து அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் கையை நீட்டியபடி நின்றார். காது வரை சிவந்துவிட்டது.

"எங்க பொண்ணு களைச்சுப் போயிருக்கா. வழி அந்தப் பக்கங்க" என்றாள் சுமியே. இனிப்புப் பெட்டியையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள்.

நிகாய்தோ அவளோடு உறவை முறித்துக்கொண்டார். "உன் பாட்டுக்கு நீயே கொள்ளி வெச்சிட்ட" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பாட்டை அவள் பிறகு எங்கும் பாடவில்லை. தொலைக்காட்சி, விளம்பரம், கரோக்கி என்று யார் கேட்டாலும் அனுமதி கொடுக்கவில்லை. பெரிய அரங்குகள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தின. சுமியே கூட ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வந்த அதிர்ஷ்டத்த வாசலோட அனுப்பிட்டியே" என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு அரங்கத் திரையில் பார்த்த அந்த வகிடு நினைவுக்கு வந்ததும் சிரித்துவிட்டாள்.

குரேஹா மறுபடியும் தொழிற்சாலைக்குப் போனாள். சின்னச் சின்ன அரங்குகளில் பாடினாள். அன்றைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தேடி வந்தார்கள். நிகாய்தோவின் மாடிப்படியில் கிடந்த சிடிப் பெட்டிகளை அவள் வாங்கி வந்து கடையிலேயே விற்றாள். சாஸ் வாசனையோடு ஒவ்வொன்றாகப் போயின.

பாட்டு ஓய்ந்ததும் ஒகித்ஸுவுக்குக் கூட்டங்கள் குறைந்தன. இரண்டு தட்டுத் தட்டினால் மறுதட்டுப் போட ஆளில்லாத காலம் வந்தது. மூன்று வருஷம் கழித்து அவருடைய பதிப்பகத்திலிருந்து குரேஹாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அவர் தன் வாழ்க்கையை எழுதுகிறார், நடு அத்தியாயம் முழுக்க அந்தப் பாட்டைப் பற்றியது, நான்கே வரிகளை எடுத்துப் போட அனுமதி வேண்டும் என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"முடியாது."

"ரெண்டு வரி?"

"ஒரு எழுத்துகூட."

புத்தகம் வந்த வாரம், வேலைக்குப் போகிற வழியில், ரயில் நிலையத்துப் புத்தகக் கடையில் குரேஹா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நடு அத்தியாயத்தைப் புரட்டினாள். பக்கம் பக்கமாக அவர் அந்தப் பாட்டைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தார். மெட்டு இப்படி, கூட்டம் இப்படி, தான் சிரித்தது இப்படி. பாட்டை மட்டும் காணோம். அதைக் கேட்டிராத யாருக்கும் இந்த மனுஷன் எதைப் பற்றி இவ்வளவு உருகுகிறார் என்று விளங்காது. நின்றபடியே அந்த அத்தியாயம் முழுவதையும் படித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்; பக்கத்தில் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார்.

புத்தகத்தை வாங்கவில்லை. அட்டை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கவிழ்த்து வைத்துவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடினாள்.